பால்கூலிப் புடவை

பூ வைத்த அன்றைக்கு பெங்களூர் ஹெப்பகோடியில் பெண் வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. கேசரியில் முந்திரி குறைவு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருந்தன. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா அன்னம்மாள், "பால்கூலிப் புடவை மட்டும் இன்னும் எடுக்கல. அத சம்பந்திய கேட்டுத்தான் எடுக்கணும்" என்று சபையில் சொன்னாள். உடனே பெண்ணின் பெரியம்மா வித்யாலட்சுமி, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். போனவள் போனவள்தான். பின்வாசல் வழியாக ஆட்டோ பிடித்து ஜோகுபாளையம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் ஏன் போனாள் என்று அன்றிலிருந்து உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இப்போது நீங்களும்.

பதில் தெரிந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் நாலே பேர். அதில் இரண்டு பேர் ஆண்கள், அவர்கள் மறந்த மாதிரி இருந்தே மறந்தும் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு பேர் இன்று பூமலை ஏறுகிறார்கள்.

பால்கூலி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணைப் பெற்றவளை மேடைக்குக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு புடவையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். எங்கள் மருமகளுக்குப் பால் கொடுத்து ஆளாக்கினாயே, அதற்கு, என்று அர்த்தம். எந்தப் பட்டும் அந்தப் பாலுக்கு ஈடாகாது என்று கொடுக்கிறவர்களுக்கும் தெரியும், வாங்குகிறவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்னம்மாள் வழியில் அந்த முறையை விட்டால் கல்யாணம் பாதிதான் ஆனதாகக் கணக்கு. ஒக்கலிபுரத்துக்கு வந்து தலைமுறை மூன்று ஆகியும் திருப்பத்தூர் வழக்கத்தை அவள் விடவில்லை.

இனி மலைக்கு ஏன் போகிறார்கள் என்பது. இந்தக் காலத்தில் தாலி ஏறுவதற்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் படம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மண்டப வாசலில் எந்தப் படத்தைப் பெரிதாக மாட்டுவது? தீபிகாவும் அருண்குமாரும் பூமலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணைத் தனியாக அனுப்ப தீபிகாவின் அம்மா ரூபினிக்கு மனசு வரவில்லை. "துணைக்கு நான் வரேன்" என்றாள். ஒற்றைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப அன்னம்மாளுக்கும் மனசு வரவில்லை. வித்யாவை ரூபினிதான் விடாமல் இழுத்தாள்.

"நான் எதுக்குடி? முட்டி வலிக்குது. ஃபால் தெக்க வேண்டிய புடவைங்க குமிஞ்சு கெடக்கு" என்றாள் வித்யா போனில்.

"நீ வரலன்னா நானும் போகல. பொண்ணு தனியா போகட்டும்."

இதற்கு மேல் வித்யாவால் மறுக்க முடியாது என்று ரூபினிக்குத் தெரியும். ஆக, இரண்டு பேர் காதலிப்பதற்கு மூன்று பெண்கள் காவல்.

போர்டில் ஹூவின பெட்டா என்று கன்னடத்தில் எழுதியிருக்கும். பெங்களூர்த் தமிழர்கள் அதைப் பூமலை என்பார்கள். பன்னேர்கட்டா தாண்டி ஒரு சின்னக் குன்று. அடியிலிருந்து உச்சிவரை கல்லால் கரை கட்டி, தட்டுத் தட்டாகப் புதர்ச்செடிகளை நட்டிருக்கிறார்கள். கீழே இட்லிப்பூ, அதற்கு மேல் செம்பருத்தி, அப்புறம் அரளி, நந்தியாவட்டை. பாதி மலைக்கு மேல் முழுக்கக் காகிதப்பூதான். மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மற்ற செடிகளெல்லாம் குழாய்த் தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டிருக்க, காகிதப்பூ மட்டும் இலையே தெரியாமல் பூத்துக் கிடந்தது. தண்ணீர் குறையக் குறையத்தான் அது பூக்குமாம். ரோஜா நிறம், ஆரஞ்சு, வெள்ளை, குங்குமம் என்று மலை முழுக்கக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது.

ரூபினி நின்று பார்த்தாள். இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்தும் இங்கே வந்ததில்லை. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் காலர் சரியாக இருக்கிறதா, பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே கண் தேய்ந்து போனது. இன்றைக்குக் கண்ணுக்குக் கிடைத்த லீவு.

ஆனால் மனசுக்கு லீவு கிடைக்கவில்லை. பூ வைத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

போட்டோ எடுக்க வந்தவன் பெயர் கிளிஃபர்ட். வந்த உடனேயே மாப்பிள்ளையைப் பார்த்து, "ப்ரோ, கொஞ்சம் லவ் காட்டுங்க ப்ரோ" என்றான். பக்கத்தில் அன்னம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அருண்குமார் அம்மாவைப் பார்த்தான், தீபிகாவைப் பார்த்தான், கடைசியில் தன் ஷூவைப் பார்த்தான்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீ காட்டு" என்றாள் அன்னம்மாள். திரும்பவும் செய்தாள். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான்.

தலைக்கு மேல் பூ விழுகிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்று கிளிஃபர்ட் ஒரு கிளையைப் பிடித்துக் குலுக்கி, இரண்டு கை நிறைய உருவினான். மேல்தட்டிலிருந்து விசில் பறந்து வந்தது. பின்னாலேயே காவல்காரர்.

"ஹூ கீளபாரது ரீ! போர்டு காணல்லவா?"

பூப் பறிக்கக் கூடாது என்ற போர்டு எல்லோருக்கும் தெரிந்தது, கிளிஃபர்டுக்கு மட்டும் தெரியவில்லை. படப்பிடிப்பு நின்றுவிடுமோ என்று தீபிகாவின் முகம் சுண்டியது. வித்யா முன்னால் போனாள். அண்ணா என்று கூப்பிட்டு, தண்ணீராக ஓடுகிற கன்னடத்தில், பறிக்கவே இல்லை, கீழே விழுந்து கிடந்ததைத்தான் பையன் அள்ளினான், கல்யாணப் பெண் அண்ணா, ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்றாள். காவல்காரர் கிளிஃபர்டின் கையைப் பார்த்தார். பூவில் காம்பு அப்படியே பச்சையாக இருந்தது. கல்யாணப் பெண்ணையும் பார்த்தார். "இன்னொரு தடவ வேண்டாம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

வித்யாவுக்குப் பொய் அப்படிச் சரளமாக வரும். ஆனால் தனக்காக அவள் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"வாக்கா, மேல போய் உக்காரலாம்" என்று ரூபினி அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வெள்ளைக் காகிதப்பூப் புதருக்குப் பக்கத்தில் ஒரு கல் பெஞ்சு காலியாக இருந்தது. கீழே அன்னம்மாள் மகனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இப்போதைக்கு வரமாட்டாள்.

"அக்கா, அன்னிக்கி பால் வெச்சிருக்கேன்னு எழுந்து போனியே."

"ஆமா."

"அடுப்புல ஒண்ணுமே இல்ல."

"வெக்க மறந்திருப்பேன்."

"பால்கூலிய நீதான் வாங்கணும்."

வித்யா சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். "வாய மூடு. மலை மேல வந்துதான் இதப் பேசணுமா?"

"வீட்டுல பேசினா எழுந்து போயிடற. இங்கருந்து எங்க போவ?"

விஷயம் இதுதான். அப்போது எல்லோரும் ஜோகுபாளையத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் சண்முகமும் வித்யாவும், தம்பி நரேஷும் ரூபினியும். தீபிகா பிறந்து பெயர் வைப்பதற்குள் ரூபினிக்குத் தூக்கம் போனது. அடுத்து நிதானம் போனது. "இது என் கொழந்த இல்ல, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க" என்று சுவரிடம் பேசினாள். குழந்தையைத் தொட மாட்டேன் என்று மூலையில் ஒடுங்கினாள். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் அதைப் பிரசவ ஜன்னி என்பார்கள். டாக்டர்கள் வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்கள். மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தெளிந்து வீடு வர மாதங்கள் ஆயின.

வித்யாவின் மகன் சஞ்சய் அப்போது தவழ்கிற பிள்ளை, பால்குடி மறக்காதவன். தீபிகாவுக்குப் புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் வெளியே வந்தது, குழந்தை நாளுக்கு நாள் சுருங்கியது. வித்யா யாரையும் யோசனை கேட்கவில்லை. மார்பில் வேப்பெண்ணெய் தடவி, சஞ்சய்க்குப் பாலை மறக்கடித்தாள். அவன் வாய் கசந்து வீறிட்டு அழுதான். பிறகு கழுவித் துடைத்துக்கொண்டு, ஓரகத்தியின் பெண்ணை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

தெருவில் கேட்டவர்களிடம், "ரூபினிக்கு மஞ்சக்காமாலை. அவங்கம்மா வீட்டுல பத்தியத்துல இருக்கா" என்றாள். அந்தக் காமாலையை இன்றுவரை யாரும் சந்தேகப்படவில்லை. தீபிகாவும்தான்.

ரூபினி இதற்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. வீட்டு மனுஷருக்கு யார் தேங்க்ஸ் சொல்கிறார்கள்? போதாததற்கு அவள் மனசில் ஒரு முள்ளும் இருந்தது. தீபிகாவுக்கு இரண்டு வயது ஆனபோது, "தனிக்குடித்தனம் போங்க, எனக்கு ஒத்து வரல" என்று கறாராகச் சொன்னது வித்யாதான். ரூபினி அழுதுகொண்டே ஹெப்பகோடிக்குச் சாமான் ஏற்றினாள். இன்று அந்த முள் தானாக வாய்க்கு வந்தது.

"அப்பல்லாம் நல்லாத்தான் பாத்துகிட்ட. அப்பறம் ஏன்க்கா எங்கள தொரத்தின?"

"தொரத்தாம?" வித்யா கீழே தீபிகாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ தூக்கினா அவ அழுவா. எறங்கி ஓடி வந்து என் முந்தானைய புடிச்சுக்குவா. நீ கதவுக்குப் பின்னாடி நின்னு அழுவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் கண்ணுக்கு முன்னாடி இருக்கற வரைக்கும் அவ உன்கிட்ட ஒட்ட மாட்டா. நான் எங்கடி போறது? அதான் உங்கள போகச் சொன்னேன்."

ரூபினி அவள் பக்கம் திரும்பினாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

"உன்ன என்னென்ன திட்டினேன் தெரியுமா?"

"தெரியும். ஒண்ணு விடாம நரேஷு வந்து சொல்லிட்டான்."

ரூபினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வித்யா தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"இதோ பாரு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னாங்க. நமக்கு இருக்கறது ஒரே பொய். பைத்தியம் புடிச்ச வம்சம்னு அந்தம்மா நெனச்சுட்டா என்ன பண்ணுவ? நம்ம பொண்ணு அந்தப் பையன் மேல உசுரா இருக்கா. பேசாம புடவைய வாங்கிக்கோ. நான் கீழ உக்காந்து கை தட்டறேன். எனக்கு அதுவே போதும்."

"எனக்குப் போதலக்கா."

அதற்குள் அன்னம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

"யப்பா! அந்தப் போட்டோக்காரன் எம் புள்ளய முட்டி போட வெச்சிருக்கான். வீட்டுல ஒரு நாள் குனிஞ்சு தொடப்பத்த எடுத்ததில்ல, இங்க முட்டி போட்டுக்கினு நிக்கறான்!" பையிலிருந்து போனை எடுத்தாள். "சம்பந்தி, கடைக்காரன் ரெண்டு புடவை அனுப்பியிருக்கான். பால்கூலிக்கு. இது மாம்பழக் கலரு, இது மயில்கழுத்து. உங்களுக்கு எது பிடிக்கும், சொல்லுங்க."

"மயில்கழுத்து எடுத்துடுங்க சம்பந்தி. அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்று வித்யா முந்திக்கொண்டாள்.

ரூபினி போனைப் பார்த்தாள். நல்ல புடவைதான். தலையை ஆட்டினால் போதும், முடிந்தது. கல்யாணம் நடக்கும், மகள் சந்தோஷமாக இருப்பாள். வாயைத் திறந்தால் அதெல்லாம் இந்த மலையிலேயே உருண்டு போகலாம். தன் பழைய நோய்க்கு மகள் விலை கொடுக்க நேரலாம். அந்தப் பயம் பெரிதுதான். ஆனால் மேடையில் நின்று அந்தத் தட்டைக் கை நீட்டி வாங்குவதை நினைத்தபோது, அதைவிட அதிகமாகக் கூசியது.

"சம்பந்தி, அந்தப் புடவைய நான் வாங்க முடியாதுங்க."

"ஏங்க? இன்னும் ஒசத்தியா எடுக்கணும்னா சொல்லுங்க, எடுத்துடலாம். மனசுல வெச்சுக்காதீங்க."

"அது இல்லிங்க. தீபிகாவுக்குப் பால் குடுத்தது நான் இல்ல. எங்க அக்கா."

வித்யா அன்னம்மாளின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு ரூபினியின் தோளைக் கிள்ளினாள். "அவளுக்கு அப்ப காமாலைங்க சம்பந்தி. ரொம்ப முத்திப் போச்சு. அதான் ரெண்டு மூணு நாளு..."

"காமாலை இல்லிங்க. பிரசவ ஜன்னி. புத்தி தடுமாறிப் போச்சு. பெத்த கொழந்தயே எனக்கு அடையாளம் தெரியல. மாசக்கணக்குல மனநல ஆஸ்பத்திரியில இருந்தேன். அக்கா தன் புள்ளைக்குப் பால மறக்கடிச்சிட்டு எம் பொண்ணுக்குக் குடுத்தாங்க."

கீழே கிளிஃபர்ட் ஏதோ கத்துவது தூரத்தில் கேட்டது. அன்னம்மாள் போனை அணைத்துப் பையில் போட்டாள். முகத்தில் இருந்த கலகலப்பு போய்விட்டது.

"இப்ப மாத்திர ஏதாவது சாப்புடறீங்களா?"

"இல்லிங்க. அப்ப ரெண்டு வருஷம் சாப்பிட்டேன். அப்பறம் தேவைப்படல."

"மறுபடி வந்துச்சா?"

"வரல. வந்துடுமோன்னு பயந்து இன்னொரு கொழந்தை பெத்துக்கல."

அன்னம்மாள் எழுந்து கம்பித் தடுப்பு வரை போனாள். அங்கிருந்து கீழே பார்த்தாள். செம்பருத்தித் தட்டில் அவள் மகன் எதையோ சொல்ல, தீபிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது கிளிஃபர்ட் சொல்லிச் சிரித்த சிரிப்பு இல்லை. அவன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, கெடுத்துட்ட" என்று வித்யா முணுமுணுத்தாள்.

"கெட்டா கெடட்டும்க்கா" என்றாள் ரூபினி. சொல்லிவிட்டாளே தவிர, கும்பிடாத தெய்வத்தையெல்லாம் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்னம்மாள் திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கும் இது வருமா?"

ரூபினி இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருஷம் பயந்தாள். "வரலாம், வராமயும் போகலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அம்மாவுக்கு வந்திருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டா, ஆரம்பத்துலயே கவனிச்சுக்கலாம்னாங்க."

"முன்னாடியே சொல்லிட்டாவா?" அன்னம்மாளின் குரல் உயர்ந்தது. "அப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இன்னாங்க இது! எங்ககிட்ட மறைச்சீங்க, சரி, பொண்ணு வீடு, பயம். பெத்த பொண்ணுகிட்டயே மறைக்கறதா? நாள பின்ன அவளுக்கு ஒண்ணுன்னா எந்த டாக்டரு கிட்ட போயி காமாலைன்னு சொல்வீங்க?"

ரூபினிக்குச் சுருக்கென்றது. மகளின் கல்யாணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, மகளைக் காப்பாற்றுவதைப் பற்றி யோசிக்கவில்லை. வெளியாள் ஒருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் வித்யா வாயைத் திறந்தாள். இந்த முறை பொய் எதுவும் வரவில்லை.

"சம்பந்தி, வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். அவ ராத்திரி தூங்கறாளான்னு பாக்கணும். தூங்கலன்னா உடனே தூக்கிட்டுப் போகணும். நாங்க அன்னிக்கு ஒரு வாரம் மந்திரிச்சிக்கிட்டு இருந்தோம், அதான் தப்பாச்சு. இவ நல்லாயிட்டா, கண்ணு முன்னாடி இருக்கா பாருங்க. தீபிகாவுக்கு நாங்க ரெண்டு பேரு இருக்கோம். நீங்களும் சேந்தா மூணு பேரு. அன்னிக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்."

அன்னம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. எனக்கு பயமாத்தான் இருக்குது. எங்க வீட்டுக்காரரு என்ன சொல்வாரோ, அதுவும் தெரியல. ஆனா கட்டிக்கப் போறவங்க அவங்க ரெண்டு பேரு. அவங்களுக்குத் தெரியாம நான் ஒருத்தி தெரிஞ்சிக்கினு என்ன பண்றது? கூப்பிடுங்க. இப்பவே சொல்லுங்க."

"இப்பவா? போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்களே" என்றாள் வித்யா.

"போட்டோல சிரிக்கறது நெசமா இருக்க வேணாமா?" சற்று நிறுத்தி, வித்யாவின் பக்கம் திரும்பாமலே அன்னம்மாள் சொன்னாள்: "கல்யாணம்னு நடந்தா புடவை யாருக்குன்னு எனக்குக் குழப்பம் இல்ல."

ரூபினி எழுந்து தடுப்பருகே போய்க் குரல் கொடுத்தாள். தீபிகா கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் படி ஏறி வந்தாள். பின்னால் அருண்குமார். கிளிஃபர்ட் வெயில் போகிறது, வெயில் போகிறது என்று புலம்பிக்கொண்டே கீழே நின்றுவிட்டான்.

"என்னம்மா? மூணு பேரும் இப்பிடி உக்காந்திருக்கீங்க? சண்டையா?"

"உக்காரு. பெரியம்மா பக்கத்துல உக்காரு. நீங்களும்தான் மாப்ள."

ரூபினி சொன்னாள். காமாலை எது, ஜன்னி எது, வேப்பெண்ணெய் எது, ஹெப்பகோடிக்கு ஏன் வந்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள். நாளைக்குத் தீபிகா எதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"இவங்க இல்லன்னா நீ இல்ல தீபி. நானும் இல்ல. ஆஸ்பத்திரியில புத்தி தெளிஞ்சப்ப எனக்குக் கொழந்தன்னு ஒண்ணு உசுரோட இருந்துச்சுன்னா, அதுக்கு இவங்கதான் காரணம். இத்தினி வருஷத்துல ஒரு தடவ கூட இத இவங்ககிட்ட சொன்னதில்ல. உன்கிட்ட சொல்றப்ப இவங்களும் கேட்டுக்கட்டும்."

"போதும் நிறுத்துடி" என்றாள் வித்யா. முகத்தை வெள்ளைப் பூப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தீபிகா அம்மாவைப் பார்க்கவில்லை. பெரியம்மாவையே பார்த்தாள். சின்ன வயதில் அம்மா மடியிலிருந்து இறங்கி ஓடினாளே, அப்போது பார்த்த அதே பார்வை. அன்றைக்கு அந்தப் பார்வைக்காகக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதவள் ரூபினி. இன்று அது போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கும்பிடத்தான் தோன்றியது.

"எவ்ளோ நாள் குடுத்தீங்க பெரியம்மா?" என்று கேட்டாள் தீபிகா.

"நீ கடிக்க ஆரம்பிக்கற வரைக்கும்."

தீபிகா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே வித்யாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். படத்துக்காகப் போட்டிருந்த மேக்கப் எல்லாம் வித்யாவின் புடவையில் இறங்கியது. அன்னம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பூவைப் பார்ப்பவள் போல அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

அருண்குமார் கையில் இருந்த கூலிங் கிளாஸை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான். பிறகு எழுந்து ரூபினிக்கு எதிரில் வந்து நின்றான்.

"அத்த, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தனியா."

தீபிகா தலையைத் தூக்கினாள். வித்யாவின் கை அவள் முதுகில் அப்படியே நின்றது. அவன் முகத்தைப் பார்த்து அன்னம்மாளுக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

என்ன கேட்கப் போகிறான் என்று ரூபினிக்குத் தெரியவில்லை. எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லலாம், இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதே அவளுக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க மாப்ள" என்று முன்னால் நடந்தாள்.